பள்ளிக்கூடத்துக்கு மதம் கூடாது, பிள்ளைக்கு இருக்கலாம்



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனாலும் கடைசி வரைக்கும் படிங்க. இது எதிர் முகாமுக்கு எழுதினது இல்லை. நமக்குள்ளே நாம பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

2022 பிப்ரவரியில் கர்நாடகாவில் ஹிஜாப் அணிந்து வந்த மாணவிகளைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தினார்கள். அப்போது நம்மில் பெரும்பாலோர் கொதித்துப் போய் எழுதினோம். எழுதியது சரிதான். 2024 ஜூனில் நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கை வந்தது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அது சொன்ன பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்கள் கையில் வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றியில் திலகமும் கூடாது என்பது. கயிறு சரி, நெற்றியில் இருக்கிற திருநீற்றையும் துடைக்கணுமா என்ற கேள்வியை நம்ம பக்கம் எத்தனை பேர் கேட்டோம்? எதிர் முகாமில் அப்படியே தலைகீழ். ஹிஜாபைக் கழற்றச் சொல்லி முழங்கினவங்க திருநீறு, குங்குமம் என்றதும் மத சுதந்திரம் பேச ஆரம்பிச்சாங்க.

யாருடைய அடையாளம் என்று பார்த்துவிட்டு அப்புறம் நியாயம் பேசினால், எந்தப் பக்கத்தில் இருந்து பேசினாலும் அதுக்குப் பேர் நியாயம் இல்லை. நமக்கு ஒரே அளவுகோல் வேணும். அந்த அளவுகோல் ஏற்கெனவே அரசியல் சட்டத்திலேயே இருக்கு.

*சட்டம் யாருக்கு என்ன சொல்லுது?*

25ஆவது பிரிவு ஒவ்வொரு மனிதருக்கும் மனசாட்சி சுதந்திரம் தருகிறது. தன் மதத்தைச் சொல்லிக்கொள்ள, கடைப்பிடிக்க, பரப்ப உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான். சீக்கியர்கள் கிர்பான் அணிவதும் இந்த உரிமைக்குள் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த உரிமை பள்ளிக்கூட வாசலோடு முடிந்துவிடும் என்று எங்கேயும் எழுதவில்லை.

28ஆவது பிரிவு வேறு ஒரு ஆளிடம் பேசுகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் மதப் போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற பள்ளியில் மத வகுப்புக்கோ வழிபாட்டுக்கோ ஒரு பிள்ளையைச் சம்மதம் இல்லாமல் உட்கார வைக்க முடியாது. சின்னப் பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிங்க. மதம் பேசாதே என்ற கட்டளை பள்ளிக்கு, ஆசிரியருக்கு, அரசுக்கு. நம்பலாம், காட்டிக்கொள்ளலாம் என்ற உரிமை பிள்ளைக்கு. மதச்சார்பின்மை என்ற கடமை கரும்பலகைக்கு. அந்தக் கடமையைத் தூக்கி எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது.

*பள்ளி பேசினால் என்ன ஆகும்?*

நம்ம சென்னையிலேயே நடந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் அரசுப் பள்ளி ஒன்றுக்கு ஒரு சொற்பொழிவாளரை அழைத்து வந்து பிள்ளைகள் முன்னால் பேசவிட்டார்கள். முற்பிறவிப் பாவம்தான் இந்தப் பிறவியில் உடற்குறையாக வரும் என்கிற மாதிரி அவர் பேசினார். அங்கேயே இருந்த, பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவர் எழுந்து அதைத் தட்டிக் கேட்டார். அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீங்க.

அங்கே தப்பு எது? அந்தப் பேச்சாளருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது தப்பு இல்லை. அரசுப் பள்ளி தன் மேடையையும் ஒலிபெருக்கியையும் கொடுத்து, எழுந்து போக முடியாத பிள்ளைகள் முன்னால் அதைப் பாடம் மாதிரி சொல்ல வைத்ததுதான் தப்பு. அது பள்ளி பேசின பேச்சு.

இப்ப அதே பள்ளியில் ஒரு மாணவி தேர்வுக்கு முன்னாடி கண்ணை மூடி ரெண்டு நிமிஷம் சாமி கும்பிடுகிறாள். இன்னொருத்தி ரமலான் நோன்பு வைத்துக்கொண்டு மதிய இடைவேளையில் தோழிகளோடு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வருகிறாள். கார்த்திகை பிறந்தால் அய்யப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு, காலில் செருப்பு இல்லாமல் பையன்கள் வருவதை எத்தனை வருஷமா பார்க்கிறோம்! "சாமி, வீட்டுப்பாடம் எங்கே சாமி?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வாத்தியார் பாடத்தை ஆரம்பிப்பார். இதெல்லாம் பிள்ளையின் பேச்சு. யாருடைய படிப்பும் இதனால் கெட்டது இல்லை.

*கோட்டயத்து மூன்று பிள்ளைகள்*

1985இல் கேரளாவின் கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு அனுப்பினார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிற்பார்கள், மரியாதையாக நிற்பார்கள். ஆனால் வாய் திறந்து பாட மாட்டார்கள். கடவுளைத் தவிர வேறு எதையும் பாடித் துதிப்பது தங்கள் நம்பிக்கைக்கு ஆகாது என்றார்கள்.

வருஷக்கணக்காக யாருக்கும் அது உறுத்தவில்லை. சட்டமன்றத்தில் ஒருவர் அதை எழுப்பின பிறகுதான் பிரச்சினை ஆனது. விசாரித்த குழுவே, பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்று சொன்னது. அப்படியும் வெளியேற்றினார்கள். கேரள உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அமர்வு பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நமக்குப் புரிகிறதா, பிடிக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அது உண்மையாக மனதில் இருந்து வருகிறதா என்பதே கேள்வி என்று அந்தத் தீர்ப்பு வழிகாட்டியது.

கவனிங்க, மொத்தம் மூன்றே பிள்ளைகள். ஓட்டுக் கணக்கில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. உரிமை என்பது அந்த மூன்று பேருக்கும் கிடைக்கிறதா என்பதில்தான் சோதிக்கப்படும்.

*உடுப்பியில் என்ன நடந்தது?*

2021 கடைசியில் உடுப்பி அரசு மகளிர் பதவிபூர்வக் கல்லூரியில் சில மாணவிகளை ஹிஜாபோடு வகுப்புக்குள் விடவில்லை. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நின்றது கல்லூரி வளர்ச்சிக் குழு. அதன் தலைவர் யார் தெரியுமா? தொகுதி சட்டமன்ற உறுப்பினர். 2022 பிப்ரவரி 5இல் அரசாணை வந்தது. வேறு ஊர்களில் மாணவர்கள் காவித் துண்டு போட்டு வந்து கோஷம் போட்டார்கள். மூன்று நாள் பள்ளி, கல்லூரிகளை மூட வேண்டியதாயிற்று. மார்ச் 15இல் கர்நாடக உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கம் இல்லை என்று சொல்லித் தடையை ஏற்றுக்கொண்டது. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா தடை சரி என்றார். நீதிபதி சுதான்ஷு துலியா தடை செல்லாது என்றார். இன்றியமையாததா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே போக வேண்டாம், இது அந்தப் பெண்ணின் விருப்பம், அவள் படிப்புதான் முக்கியம் என்பது துலியாவின் நிலை.

இதற்கு நடுவில் நஷ்டப்பட்டது யார்? தேர்வு எழுத முடியாமல் போன மாணவிகள். பெண் பிள்ளை படிக்கணும் என்று ராத்திரி பகலாகப் பேசுகிறவர்கள், அவள் தலையில் ஒரு துணி இருக்கிறது என்பதற்காகப் படிப்பையே பிடுங்கினார்கள்.

"சீருடைன்னா சீருடைதானே?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. அந்த மாணவிகள் சீருடை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சீருடை நிறத்திலேயே இருக்கிற துப்பட்டாவால் தலையை மூடிக்கொள்கிறோம் என்றுதான் கேட்டார்கள். ஒன்றிய அரசின் கேந்திரிய வித்யாலயாக்களில் சீருடை நிறத்தில் முக்காடு அனுமதிக்கப்படுவதும் வழக்கில் எடுத்துக் காட்டப்பட்டது. பணக்கார வீட்டுப் பிள்ளையையும் ஏழை வீட்டுப் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் வித்தியாசம் தெரியாமல் உட்கார வைக்கத்தான் சீருடை வந்தது. நம்பிக்கை உள்ள பிள்ளையை வெளியே நிறுத்துவதற்கு அது வரவில்லை.

இந்தக் கதை ஹிஜாபோடு நிற்கவில்லை. 2025 ஏப்ரலில் அதே கர்நாடகாவில், வேறு கட்சி ஆட்சியில், பொது நுழைவுத் தேர்வு எழுத வந்த பிராமண மாணவர்களைப் பூணூலைக் கழற்றச் சொன்னார்கள். பீதரில் ஒரு மாணவர் கழற்ற மறுத்ததால் கணிதத் தேர்வையே எழுத முடியாமல் போனது. சம்பந்தப்பட்டவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. பூணூலை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பது ஊருக்கே தெரியும். அந்த விமர்சனத்தில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். ஆனால் தேர்வு மையத்துக் காவலர் ஒரு பதினேழு வயதுப் பையனிடம் "இதை அறுத்துட்டு உள்ளே போ" என்பது சமூகச் சீர்திருத்தம் இல்லை தோழர்களே. அது அதிகாரத் திமிர். சோதனை வேணும்னா முன்கூட்டியே வரச் சொல்லிச் சோதித்து அனுப்பலாம். நீட் தேர்வு விதியிலேயே மத வழக்கப்படி உடையோ பொருளோ அணிந்து வருகிறவர்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கு.

*ஒரு மூக்குத்தியின் கதை*

இது நம்மில் பலருக்குத் தெரியாத கதை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் ஒரு அரசு மகளிர் பள்ளி. அங்கே படித்த தமிழ் இந்துக் குடும்பத்துப் பெண் 2004இல் விடுமுறை முடிந்து மூக்குத்தியோடு வந்தாள். பள்ளி விதிப்படி கூடாது, கழற்று என்றார்கள். பெண் வயதுக்கு வந்தால் மூக்குத்தி குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயதில் பாட்டி வைர மூக்குத்தி போட்டு ஆசீர்வதிப்பார் என்று தாயார் விளக்கினார். பள்ளி ஏற்கவில்லை. வழக்கு அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா தீர்ப்பு எழுதினார்.

மூக்குத்தி மதத்தின் கட்டாயக் கடமை இல்லைதான் என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனால் கட்டாயமாகச் செய்கிறதுக்கு மட்டும்தான் பாதுகாப்பு, விரும்பிச் செய்கிறதுக்குக் கிடையாதா என்று யோசித்து, ரெண்டுக்கும் உண்டு என்றது. அந்தச் சின்ன மூக்குத்தியால் பள்ளி ஒழுங்கு கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, விலக்குத் தராமல் போனது பாகுபாடு என்றது. இனிமேல் இப்படி யாராவது கேட்டால் எப்படிப் பரிசீலிப்பது என்பதை விதிப்புத்தகத்திலேயே எழுதி வை என்று பள்ளிக்கு உத்தரவும் போட்டது.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாலும் இந்தத் தீர்ப்பு வைக்கப்பட்டது. மூக்குத்தி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார்கள். அதாவது உரிமையை அளக்க ஸ்கேல் எடுத்துவிட்டார்கள்!

*அப்போ சாதிக் கயிறு?*

இதுதான் முக்கியமான கேள்வி. "பிள்ளைகளுக்கு எல்லாச் சுதந்திரமும் கொடுன்னா, நாளைக்குச் சாதிக் கயிறையும் சாமி கயிறுன்னு சொல்லிக் கட்டிட்டு வருவானே?"

வருவான். வந்துகொண்டும் இருக்கிறான். தென் மாவட்டங்களில் இந்தக் கலர்னா இந்தச் சாதி என்று கையைப் பார்த்தே ஆளைப் பிரிக்கிற கொடுமை நமக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் சந்துரு குழுவே அமைக்கப்பட்டது. அந்தக் குழுவின் நோக்கத்தில் நமக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அதனால் மூன்று கேள்வி கேட்போம்.

ஒன்று: பேசுவது பள்ளியா, பிள்ளையா? பள்ளி என்றால் நிறுத்து.

இரண்டு: இந்த அடையாளம் இன்னொரு பிள்ளையை நோக்கி நீட்டப்படுகிறதா? அவனை ஒதுக்க, மிரட்ட, தாழ்த்தப் பயன்படுகிறதா? பாடத்தைக் கெடுக்கிறதா? ஆமா என்றால் நிறுத்து.

மூன்று: பிள்ளை தன் விருப்பத்தோடு செய்கிறதா? யாராவது கட்டாயப்படுத்தினால் பிள்ளையின் பக்கம் நில்.

சாதிக் கயிறு இரண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும். "நான் யார், நீ யார்" என்று சொல்லத்தான் அதைக் கட்டுகிறார்கள். ஹிஜாபுக்குப் போட்டியாக எடுத்து வந்த காவித் துண்டும் அங்கேயே விழும். அது வழிபாட்டுக்காக வந்தது இல்லை, பக்கத்தில் நிற்கிற பெண்ணை விரட்ட வந்தது. திருநீறு? முக்காடு? கழுத்துச் சிலுவை? அய்யப்ப மாலை? யாரை மிரட்டுகிறது? யாரையும் இல்லை.

சாதிச் சண்டை உள்ள பள்ளியில் மணிக்கட்டில் எந்தக் கயிறும் வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லட்டும். உண்மையிலேயே கோயில் கயிறு என்றால் அரைஞாணில் கட்டலாம், சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஊரில் ஒரு குறிப்பிட்ட பொட்டே சாதிக் குறியாக மாறியிருந்தால், அந்த ஊரில் அந்தக் குறியை நிறுத்தட்டும். அதற்காக மாநிலம் முழுக்க எல்லா நெற்றியையும் துடைக்கச் சொல்வது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி. அதோடு, சாதி நெற்றியில் இல்லை தோழர்களே. வெறும் நெற்றியோடு வருகிற பையனும் "உன் ஊர் எது, எந்தத் தெரு?" என்று கேட்டே கண்டுபிடித்துவிடுவான்.

*நம்பாத பிள்ளைக்கும்தான்*

இந்தச் சுதந்திரம் சாமி கும்பிடுகிறவர்களுக்கு மட்டும் இல்லை. பகுத்தறிவாளர் வீட்டுப் பிள்ளை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கடவுள் வாழ்த்துக்குக் கை கூப்பாமல் அமைதியாக நின்றால், அவனை அடிக்கவோ வெளியே நிறுத்தவோ எந்த ஆசிரியருக்கும் உரிமை கிடையாது. கிடங்கூர் பிள்ளைகளைக் காத்த அதே 25ஆவது பிரிவு இவனையும் காக்கும்.

வீட்டில் கட்டாயப்படுத்தி ஹிஜாப் போட வைக்கிற பெண்ணும் இருக்கலாம். அவள் பள்ளிக்குள் வந்ததும் கழற்றி வைத்தால், "ஏன் கழற்றினே?" என்று சக மாணவிகளோ ஆசிரியரோ கேட்கக் கூடாது. போட உரிமை உண்டு என்று சொல்கிற நாம், போடாமல் இருக்க உரிமை உண்டு என்பதையும் அதே சத்தத்தில் சொல்லணும். அப்படிப்பட்ட பெண்ணுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அவளைப் பள்ளிக்குள் வைத்திருப்பதுதான். வாசலில் தடுத்தால் அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தானே?

*நாம் கேட்க வேண்டியது என்ன?*

1. மாணவர்களின் மத வெளிப்பாடு பற்றித் தெளிவான, எழுத்து வடிவ வழிகாட்டுதலைப் பள்ளிக் கல்வித் துறை வெளியிட வேண்டும். எல்லா மதத்துக்கும், மதம் இல்லாதவர்களுக்கும் ஒரே விதி.

2. சீருடையோடு இணைந்து போகிற முக்காடு, தலைப்பாகை, மாலை, திருநீறு, சிலுவை போன்றவற்றுக்கு முன் அனுமதி கேட்க வைக்கக் கூடாது. தடுக்க வேண்டும் என்றால் காரணத்தைப் பள்ளிதான் எழுத்தில் தர வேண்டும்.

3. சாதிக் குறிகளுக்குத் தடை. சாதிக் குறியா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் விசாரிக்கட்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மேல்முறையீடு செய்யும் வழி வேண்டும். உடுப்பி மாதிரி சட்டமன்ற உறுப்பினர் தலைமையில் உட்கார்ந்து முடிவு செய்கிற ஏற்பாடு எந்தக் கட்சிக்கும் வேண்டாம், நமக்கும் வேண்டாம்.

4. பிரச்சினை தீரும் வரை பிள்ளை வகுப்பில்தான் இருக்க வேண்டும். எந்த அடையாளத்துக்காகவும் ஒரு பிள்ளையும் ஒரு தேர்வையும் இழக்கக் கூடாது.

5. பள்ளி மேடையில், பாடவேளையில், எந்த மதத்தின் பிரச்சாரமும் கூடாது. அழைத்து வருகிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய பேச்சாளராக இருந்தாலும்.

அடுத்த முறை ஏதாவது ஒரு ஊரில் ஒரு பிள்ளையைப் பள்ளி வாசலில் நிறுத்தினதாகச் செய்தி வரும். அப்போது பிள்ளையின் பெயரைப் பார்த்து, மதத்தைப் பார்த்து, எந்தக் கட்சி ஆட்சி என்று பார்த்துப் பதிவு போடாதீங்க. மேலே சொன்ன மூன்று கேள்வியைக் கேளுங்க, அப்புறம் எழுதுங்க. நம்மைப் பிடிக்காத வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே எழுதுங்க.

கருத்துப் பெட்டியில் உங்கள் பள்ளி அனுபவத்தைச் சொல்லுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லுங்க, மரியாதையோடு விவாதிப்போம். வாட்ஸ்அப் குழுக்களிலும் பகிருங்கள்.

#ஒரேஅளவுகோல் #பிள்ளைவகுப்பில்இருக்கட்டும்